எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்: விறகு அடுப்பின் வேகத்தை நம் கைக்குள் வைத்திருப்பது எப்படி?

அறையை வெதுவெதுப்பாக வைக்க வாங்கிய இரும்பு விறகு அடுப்பு முதல் ஒரு மணி நேரம் அனலாகக் கொதிக்கிறது, அதன்பின் விறகு தீர்ந்து அறை குளிர்ந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றுத் திறப்பை மூடினால் தீ அடங்குகிறது, ஆனால் அடுப்புக் கதவின் கண்ணாடி கறுத்துப் புகை கட்டுகிறது. ஒருமுறை விறகு போட்டால் விடியும் வரை ஒரே சீராக எரிய வழி உண்டா என்பது உங்கள் கேள்வி. விரிவாகவே பதில் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் புகைபோக்கியைப் பாழாக்கிக்கொண்டவர்களையும், நல்ல அடுப்பைக் குறை சொல்லித் தள்ளிவைத்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எரிவாயு அடுப்பின் திருகைக் குறைக்கும்போது நாம் எரிபொருளைக் குறைக்கிறோம். விறகு அடுப்பின் முன்னால் இருக்கும் பிடியைத் தள்ளும்போது காற்று மட்டும்தான் குறைகிறது. எரிபொருள் முழுவதும் உள்ளேயே கிடக்கிறது, அதுவும் சுட்டுக்கொண்டு கிடக்கிறது. உங்கள் சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. "எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்" என்ற பழமொழி திறந்த அடுப்பில் சமைத்தவர்கள் சொன்னது. தீ மிஞ்சினால் அவர்கள் விறகை வெளியே இழுத்தார்கள். அடுப்பின் வாயை அடைக்கவில்லை. மூடிய இரும்பு அடுப்பில் எரியும் கட்டையை இழுக்க முடியாது. ஆகவே எவ்வளவு எரிய வேண்டும் என்பதை விறகை உள்ளே வைக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். காற்றுப் பிடி அதற்குப் பிறகு செய்யும் சிறு திருத்தத்துக்கு.

ஏன் என்று விளங்க, தீயை ஒரு நிமிடம் கிட்டப் போய்ப் பாருங்கள். கண்ணாடி வழியாகக் கூர்ந்து பார்த்தால், கட்டைக்கும் சுடருக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். சுடர் கட்டையைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே மிதக்கிறது. விறகு எரிகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, விறகிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான். கட்டை சூடாகும்போது முதலில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் மரமே சிதையத் தொடங்கி, எரியக்கூடிய வாயுக்களும் தார் போன்ற ஆவியும் வெளிவருகின்றன. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகப் போய்விடும், மிஞ்சுவதுதான் கரி. விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. அந்த வாயு முழுமையாக எரிய வேண்டுமானால் சுமார் 600 டிகிரி சூடும் போதிய காற்றும் ஒரே இடத்தில் கூடி இருக்க வேண்டும்.

இப்போது காற்றை அடைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மரம் சிதைந்து வாயு வெளிவருவதற்குக் காற்று தேவையில்லை, சூடு மட்டும் போதும். அடுப்புச் சுவரும் செங்கல் பூச்சும் கட்டையும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே வாயு கிளம்புவது நிற்காது. அது எரிவது மட்டும் நின்றுவிடுகிறது. எரியாத வாயு புகையாகக் குழாயில் ஏறி, குளிர்ந்த சுவரில் படிகிறது. குழாயின் உள்பரப்பு சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இந்தத் தார் ஆவி நீராவியோடு சேர்ந்து ஒட்டத் தொடங்கும். முதலில் கறுப்பு நீர்போல வழியும், பிறகு மெழுகுபோலக் கெட்டிப்படும், கடைசியில் கண்ணாடிபோல மின்னும் கரிப்பிசினாக இறுகும். கிரியோசோட் என்று சொல்வது இதைத்தான். இது நன்றாக எரியக்கூடிய பொருள். என்றாவது ஒருநாள் அடுப்பில் தீ ஓங்கி எரியும்போது அதில் பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். உங்கள் அடுப்புக் கண்ணாடி கறுப்பது அழகு கெடும் விஷயம் மட்டுமென்று நினைக்க வேண்டாம். கண்ணாடியில் தெரிகிற கறுப்பு, நீங்கள் பார்க்க முடியாத குழாயிலும் படிந்துகொண்டிருக்கிறது.

என் வீட்டில் அடுப்பு வைத்த முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு குளிரான இரவில் கனன்றுகொண்டிருந்த தணல்மேல் நான்கு பெரிய கட்டைகளை அடுக்கி, அவை பற்றிய உடனேயே பிடியை முழுவதும் மூடிவிட்டுப் படுக்கப் போனேன். கால் மணி நேரத்தில் "டம்" என்று ஒரு சத்தம். கதவு இடுக்கிலும் குழாய் இணைப்பிலும் புகை பீறிட்டு அடித்தது. அடுப்புக்குள் எரியாத வாயு நிறைந்திருந்தது. எங்கிருந்தோ கசிந்த சிறிது காற்றும் ஒரு கங்கின் சூடும் கிடைத்ததும் அது மொத்தமாகப் பற்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு, நிறைய விறகைப் போட்டுக் காற்றை நெரிக்கும் வேலையை நான் செய்யவே இல்லை. உங்கள் அடுப்பிலும் அவ்வப்போது "புஸ்" என்று சிறு வெடிப்பும் கண்ணாடியில் மின்னி மறையும் சுடரும் தெரிந்தால், அது இதே விஷயத்தின் தொடக்கம். உடனே காற்றைச் சற்றுத் திறந்துவிடுங்கள்.

விறகின் அளவால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் கணக்கு என்ன? நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. மர வகைக்கு மரவகை எடையளவில் இது பெரிதாக மாறாது. கனமான மரம் குறைந்த இடத்தில் அதிக எடை தருகிறது, அவ்வளவுதான். உங்களுடையது 5 கிலோவாட் அடுப்பு, அது உள்ளே எரிவதில் முக்கால் பங்கை அறைக்குத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முழு வேகத்தில் அதற்கு மணிக்கு ஏறத்தாழ 1.7 கிலோ விறகு போதும். நீங்கள் ஒரே தடவையில் 4 கிலோவை அடுக்கிவைத்தால், அந்த 16 கிலோவாட் மணி வெப்பமும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். ஒன்று முதல் மணியிலேயே அறையில் கொட்டி உங்களை ஜன்னலைத் திறக்க வைக்கும், அல்லது நீங்கள் காற்றை நெரிக்க, புகையாக மேலே போகும். இரண்டும்தான் உங்களுக்கு மாறி மாறி நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு நாள் ஒரு தராசை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, போடும் ஒவ்வொரு தடவையும் விறகை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. பலருக்கு இதுவே கண்ணைத் திறந்துவிடும். அதன்பின் கையில் எடுத்தவுடனேயே எடை தெரிந்துவிடும், தராசு தேவைப்படாது. அறை ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு கிலோ போடுங்கள், அது பிரகாசமாக எரியட்டும், காற்றை நெரிக்காதீர்கள். கடுங்குளிர் என்றால் இரண்டு கிலோ. முக்கால் மணிக்கு ஒருமுறையோ ஒரு மணிக்கு ஒருமுறையோ எழுந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரும்பு அடுப்பிலிருந்து சீரான சூட்டை வாங்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கட்டையின் பருமன். எரிவது மேற்பரப்பு, உள்ளே இருப்பது காத்துக்கொண்டிருக்கும் சரக்கு. 10 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு கட்டையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் எடை அதேதான், ஆனால் பக்கங்களின் பரப்பு இருமடங்காகிவிடுகிறது. வாயு வெளிவரும் வேகமும் அதற்கேற்பக் கூடுகிறது. ஆகவே தீயை எழுப்பும்போது சுள்ளியும் மெல்லிய பிளவும், தீ நிலைத்தபின் மணிக்கட்டுப் பருமன் தொடங்கி முழங்கைப் பருமன் வரையிலான கட்டை, நெடுநேரம் தாங்க வேண்டுமென்றால் அதைவிடத் தடித்த, கனமான மரக் கட்டை என்று மூன்று அளவில் விறகைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டை உள்ள பக்கம் மெதுவாகவும் பிளந்த பக்கம் விரைவாகவும் பற்றும். எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பிளந்து வைத்திருப்பவர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு நல்ல கருவியைக் கைவிட்டவர்.

அடுக்கும் முறையும் அதே அளவு முக்கியம். குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டு அடுக்கினால் காற்று எல்லாப் பக்கமும் புகுந்து ஒரே நேரத்தில் முழுவதும் பற்றும். எல்லாக் கட்டைகளையும் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கினால் வெளிப்பக்கம் மட்டும் பற்றி, தீ மெல்ல உள்ளே நகரும். அதற்காக ஒற்றைக் கட்டையைத் தனியாகப் போட்டால் அது எரியாது. தன் சூட்டைச் சுற்றிலும் இழந்து புகைந்து கறுத்துவிடும். இரண்டோ மூன்றோ கட்டைகள், நடுவே விரல் பருமன் இடைவெளியோடு, ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போது ஒன்றின் அனல் மற்றொன்றைச் சுடவைத்து இரண்டையும் வாழவைக்கிறது. அந்த இடைவெளியில் சுடர் சுழல்வதைப் பார்த்தால் நான் சொல்வது உடனே விளங்கும்.

மறுபடி விறகு போடும்போது தணலை அடுப்பு முழுவதும் பரப்பி அதன்மேல் கட்டைகளை வைத்தால், எல்லாம் அடியிலிருந்து ஒருசேரச் சுட்டு ஒரே மூச்சில் வாயுவைக் கக்கும். அதற்குப் பதிலாகத் தணலை முன்பக்கம், காற்று நுழையும் இடத்துக்கு அருகில் இழுத்துக் குவியுங்கள். கட்டைகளைப் பின்னால் வையுங்கள். தீ முன்னிருந்து பின்னாகப் படிப்படியாகப் போகும். புதிதாகப் பற்றவைக்கும்போதும் இதே தத்துவம்தான்: தடித்த கட்டை கீழே, அதன்மேல் மெல்லியவை, உச்சியில் சுள்ளி என்று அடுக்கி உச்சியில் பற்றவைத்தால் தீ மேலிருந்து கீழே இறங்கிவரும். கீழே கிளம்பும் வாயு மேலே உள்ள சுடரைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் எரிந்தே போகிறது. தொடக்கப் புகை வெகுவாகக் குறையும். சாம்பலையும் முழுவதும் வழித்து எடுக்காதீர்கள்; விறகுக்கு ஓரிரு சென்டிமீட்டர் சாம்பல் படுக்கை நல்லது. அது தணலின் சூட்டைக் காக்கிறது.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெதுவாக எரியட்டும் என்று கொஞ்சம் ஈர விறகைக் கலந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புதிதாக வெட்டிய பச்சை விறகின் எடையில் பாதியளவுகூடத் தண்ணீராக இருக்கும். ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 2.26 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. அந்த இழப்பைவிடப் பெரிய தீங்கு, அது வாயு எரிய வேண்டிய இடத்தின் சூட்டை 600 டிகிரிக்கு வெகு கீழே இழுத்துவிடுவது. அடுப்பு மெதுவாக எரிவதுபோலத் தோன்றும். உண்மையில் விறகின் நல்ல பாதி எரியாமலே குழாய் வழியே போய்க்கொண்டிருக்கும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். எடை குறைந்த லேசான மரத்தைப் பிளந்து மழைபடாமல் காற்றோட்டமாக அடுக்கினால் ஓராண்டில் காயும். கனமான மரத்துக்கு இரண்டாண்டு தேவைப்படலாம். பிளக்காத உருட்டுக்கட்டை கூரைக்குக் கீழே கிடந்தாலும் நெடுநாள் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

ஈரமானியின் ஊசியைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் நடுப்பகுதியில் குத்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது "ணங்" என்று ஒலிக்கும், ஈரமானது "தொப்" என்று அமுங்கும். தீயில் வைத்த கட்டையின் வெட்டுமுகத்தில் நீர் நுரைத்துச் சீறினால் அந்த விறகை இன்னும் ஓராண்டு விட்டுவையுங்கள். ஒரு எச்சரிக்கை: சூளையில் உலர்த்தி ஈரம் 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கிய விறகும் எளிதான சரக்கல்ல. அது வாயுவை மிக விரைவாக விடுவதால் அடுப்பு கையை மீறும். அத்தகைய விறகைத் தடித்த கட்டையாக, குறைந்த அளவில் போடுங்கள்.

இனிக் காற்றுப் பிடி. இன்றைய அடுப்புகளில் பெரும்பாலும் காற்று இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று கீழிருந்து தணலுக்கு வருவது. இதை முதல் காற்று என்போம். மற்றொன்று மேலிருந்து, சூடேறிய குழாய்களின் வழியாகவும் கண்ணாடியைத் தழுவியபடியும் சுடருக்கு வருவது. இது இரண்டாம் காற்று. விறகுக்கு வேண்டியது பெரும்பாலும் மேல் காற்றுதான், ஏனென்றால் எரிய வேண்டிய வாயு மேலேதான் இருக்கிறது. கீழ்க் காற்றைத் திறந்தே வைத்திருந்தால் உலைத்துருத்தி ஊதுவதுபோலத் தணல் வெளுத்து, விறகு வாரிக்கொண்டு எரியும். "ஒரு மணியில் தீர்ந்துவிடுகிறது" என்ற உங்கள் குறைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சாம்பல் தட்டின் கதவு சற்றே திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுப்பு நிலைத்தபின் கீழ்க் காற்றை மூடிவிட்டு மேல் காற்றால் மட்டும் ஓட்டிப் பழகுங்கள்.

விறகு போட்டதும் எல்லாக் காற்றையும் முழுவதும் திறந்துவிடுங்கள். புதிய கட்டைகளின் விளிம்புகள் கறுத்து, மேற்பரப்பில் சதுரம் சதுரமாகக் கரி வெடிப்பு தெரிய வேண்டும். சுடர் கட்டைகள் எல்லாவற்றின் மேலும் பரவியிருக்க வேண்டும். அடுப்பையும் விறகையும் பொறுத்து இதற்கு ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகலாம். அதன்பின் கீழ்க் காற்றை மூடி, மேல் காற்றில் கால் பங்கு குறையுங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். மறுபடி கால் பங்கு. ஒவ்வொரு தடவையும் சுடரைப் பாருங்கள். வேகமாக மேல்நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த சுடர் தளர்ந்து, துணி காற்றில் அலைவதுபோல மெல்ல அசையத் தொடங்கும். சில அடுப்புகளில் மேல் துளைகளிலிருந்தே சுடர் கிளம்புவதுபோலத் தோன்றும். அதுதான் நீங்கள் தேடும் இடம். சுடர் ஆரஞ்சு நிறம் மங்கிப் புகைபடிந்தாற்போல் ஆனால், அல்லது கட்டையின் மேல் சுடரே இல்லாமல் புகை மட்டும் சுருண்டால், நீங்கள் எல்லையைக் கடந்துவிட்டீர்கள். ஒரு படி திறந்துவிடுங்கள். சில நிமிடங்களுக்குப் பின் வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். அங்கே வெப்ப அலை மட்டும் நெளிய வேண்டும். வெள்ளையாக ஆவி தெரிந்து உடனே கலைந்தால் அது நீராவி. சாம்பல் நிறத்திலோ நீலமாகவோ புகை நீண்டு போனால் விறகு வீணாகிறது.

குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி ஒன்று வாங்கி, ஒற்றைச் சுவர்க் குழாயாக இருந்தால் அடுப்புக்கு மேலே சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். அத்தகைய வெப்பமானிகளில் 115 முதல் 245 டிகிரி வரை நல்ல எல்லையாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே கரிப்பிசின் படியும், மேலே போனால் அடுப்பு மிஞ்சுகிறது. இரட்டைச் சுவர்க் குழாயில் வெளிப்புற அளவு இந்தக் கணக்குக்கு உதவாது. அதற்கு உள்ளே செருகும் வகை வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது எனக்கு அதிகம் உதவுகிறது. முள் விரைவாக ஏறும்போதே காற்றைக் குறைக்கத் தொடங்க வேண்டும். உச்சியைத் தொட்டபின் குறைத்தால் இரும்பின் சூடு இறங்க நெடுநேரமாகும்.

சுடர் அடங்கித் தணல் மட்டும் கனலும் கட்டத்தில் கதை மாறுகிறது. வாயு தீர்ந்துவிட்டது, இப்போது கரி எரிகிறது. இந்த நேரத்தில் காற்றைக் குறைத்தாலும் புகை வராது என்பதால் பலரும் முழுவதும் மூடிவிடுகிறார்கள். ஆனால் காற்றுப் பற்றாத தணல்தான் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை நிறைய உண்டாக்கும். புகைக்குழாயில் புகையின் வழியைக் குறைக்கும் திருகுத் தகடு இருந்தால், தணல் முழுவதும் அணையும் வரை அதை ஒருபோதும் முழுமையாக மூடாதீர்கள். அடுப்பு இருக்கும் அறையிலும் தூங்கும் அறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் எவ்வளவு குறைத்தும் தீ அடங்கவில்லை என்றால் புகைபோக்கியைச் சந்தேகப்படுங்கள். காற்றை உள்ளே இழுப்பது அடுப்பல்ல, புகைபோக்கிதான். உள்ளே சூடான லேசான காற்று, வெளியே குளிர்ந்த கனமான காற்று. இந்த எடை வேறுபாடே இழுவை. குழாயின் உயரம் கூடினால் இழுவை கூடும், வெளியே குளிர் கூடினாலும் கூடும். குழாய்க்குள் சராசரியாக 200 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால், 5 மீட்டர் குழாயில் கணக்குப்படி சுமார் 27 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுவை பிறக்கும். 10 மீட்டர் குழாயில் அதன் இருமடங்கு. உராய்வில் கொஞ்சம் குறையும். ஐரோப்பியச் சோதனை முறையில் இத்தகைய வீட்டு அடுப்புகளை 12 பாஸ்கல் இழுவையில்தான் சோதிக்கிறார்கள். ஆகவே உயரமான புகைபோக்கியில் மாட்டிய அடுப்பு, பிடியை எந்த இடத்தில் வைத்தாலும் தயாரித்தவர் எண்ணியதைவிட அதிகக் காற்றை இழுக்கும். நேற்று சரியாக இருந்த பிடி நிலை கடுங்குளிர் இரவில் மிஞ்சிப்போவதும் இதனால்தான். இழுவை உண்மையிலேயே அதிகம் என்று அளந்து தெரிந்தால், இழுவையைத் தானே சமன்செய்யும் தகட்டைக் குழாயில் பொருத்தலாம். அதைப் புகைபோக்கி வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அதற்கு முன் கசிவைப் பாருங்கள். அடுப்புக் கதவைச் சுற்றியுள்ள கண்ணாடி இழைக் கயிறு நாளடைவில் அமுங்கிக் கெட்டியாகிவிடும். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் தாள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பின்பு இரவில் அறை விளக்கை அணைத்து, எரியும் டார்ச் விளக்கை அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடுங்கள். இணைப்புகளில் எங்காவது ஒளிக்கீற்று தெரிந்தால் அங்கே காற்று நுழைகிறது. காற்றுப் பிடியையே மதிக்காத எத்தனையோ அடுப்புகள் ஒரு புதுக் கயிறு போட்டதும் சொன்னபடி கேட்டிருக்கின்றன.

விடியும் வரை சீராக எரியவைக்க முடியுமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: சாதாரண இரும்பு அடுப்பில் முடியாது, முயலவும் கூடாது. வினையூக்கி பொருத்திய அடுப்புகள் விதிவிலக்கு. அவற்றில் வாயு சுமார் 260 டிகிரியிலேயே வினையூக்கியின் மேல் எரியத் தொடங்குவதால், மெதுவான தீயிலும் புகை குறைவாகவே இருக்கும். மற்றொரு வழி, வேகமாக எரித்து அந்தச் சூட்டைச் சேமிப்பது. 1767-இல் சுவீடனில் கார்ல் யோகன் குரோன்ஸ்டெட், ஃபேபியன் விரேடே என்ற இருவர், புகை நேராக மேலே போகாமல் செங்கல் பாதைகளில் ஏறி இறங்கிச் செல்லும்படி, ஓடு பதித்த கணப்பு அடுப்பை வடிவமைத்தார்கள். ஓங்கிய தீ ஒருமுறை எரிந்தால் போதும், செங்கல் அந்தச் சூட்டைப் பல மணி நேரம் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். தீயை மெதுவாக்காமல் வெப்பத்தை மெதுவாக்கிய அந்த யோசனையை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன்.

உங்கள் அடுப்பில் செய்யக்கூடியது வேறு. படுக்கப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு கடைசி விறகைப் போடுங்கள். தடித்த, கனமான, நன்றாகக் காய்ந்த இரண்டு மூன்று கட்டைகள். சுடர் இருக்கும் கட்டம் முழுவதும் நீங்கள் விழித்திருக்கும்போதே முடியட்டும். தணலானதும் பின்பக்கமாகக் குவித்து, மேலே சாம்பலைத் தூவி, மேல் காற்றைச் சிறிதளவு திறந்துவிட்டுப் படுங்கள். நீறுபூத்த நெருப்பு என்பார்களே, அது காலையில் சாம்பலை விலக்கும்போது சிவந்த கங்காகக் காத்திருக்கும். அதை முன்னால் இழுத்து நான்கு சுள்ளியை வைத்துக் காற்றைத் திறந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இரவில் அறை சற்றுக் குளிரத்தான் செய்யும். போர்வை அதற்காகத்தான் இருக்கிறது.

அடுப்பு அளவுக்கு மீறிச் சூடானால் செய்ய வேண்டியதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் இரும்பு மங்கிய சிவப்பாகத் தெரிந்தால் அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிட்டது. திடப்பொருள்கள் ஒளிரத் தொடங்கும் இந்த எல்லை சுமார் 525 டிகிரி என்று 1847-இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிவியலாளர் நிறுவினார். அந்தச் சூட்டில் தகடு வளையும், வார்ப்பிரும்பு விரிசல் விடும். எல்லாக் காற்றையும் மூடுங்கள், கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஊற்றினால் நீராவி வெடித்துக் கிளம்பும், வார்ப்பிரும்பும் பிளந்துபோகும். புகைபோக்கிக்குள் இரைச்சலோடு தீ ஓடுவது கேட்டால் காற்றை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். ஒருமுறை அப்படி எரிந்த புகைபோக்கியை ஆள் வைத்து உள்ளே சோதிக்காமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் கண்ணாடியில் படிந்திருக்கும் கறுப்பைத் துடைக்க, அடுப்பு ஆறியபின் ஈரத் துணியைச் சாம்பலில் தொட்டுத் தேயுங்கள், போய்விடும். அதோடு, இதுவரை நெரித்தே எரித்திருப்பதால், புகைபோக்கியை ஒருமுறை துடைத்துவிட்டு இந்த முறைகளைத் தொடங்குங்கள். பிறகு ஒரு வாரம் கழித்துக் கண்ணாடியைப் பாருங்கள். கறுப்பு ஓரங்களில் மட்டும் மெல்லிய பழுப்பாக நின்றிருந்தால் உங்கள் கை பழகிவிட்டது. மறுபடி நடுவில் படிந்திருந்தால், முதலில் விறகின் ஈரத்தைப் பாருங்கள், அடுத்து ஒருமுறைக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று நிறுத்துப் பாருங்கள்.